லைசென்ஸ் சஸ்பெண்ட்... சொந்த வண்டியும் இல்லை: தனியாக இன்சூரன்ஸ் எடுக்க முடியுமா? சட்டம் சொல்வது என்ன?

புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் வட்டத்தில் இருக்கும் பேரூராட்சி அரிமளம். இதுபோன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு வண்டி இருக்கும். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தனித்தனி வண்டி இருக்காது. மாமா வண்டி, சித்தப்பா வண்டி, பக்கத்து வீட்டு அண்ணன் வண்டி என்று அவசரத்துக்கு எடுத்துப் போவது சகஜம். வண்டி ஒருத்தர் பேரில் இருக்கும், ஓட்டுபவர்கள் நாலு பேர் இருப்பார்கள்.

இந்த நாலு பேரில் ஒருவரின் லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனால் என்ன ஆகும்? "என் பேர்ல தனியா ஒரு இன்சூரன்ஸ் போட்டுக்கிட்டா ஓட்டலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். "வண்டிக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே, அப்புறம் என்ன?" என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டுமே தவறு. தெரியாமல் விட்டால் நஷ்டம் லட்சக்கணக்கில் போகலாம்.

சுருக்கமான பதில்: முடியாது

லைசென்ஸ் சஸ்பெண்டில் இருக்கும் காலத்தில் வண்டி ஓட்ட வழிசெய்யும் இன்சூரன்ஸ் இந்தியாவில் கிடையாது. சஸ்பெண்ட் முடிந்த பிறகு அப்படி ஒன்று தேவையும் இல்லை. ஏனென்றால் இங்கே கட்டாய இன்சூரன்ஸ் வண்டியை ஒட்டியது, ஆளை ஒட்டியது அல்ல.

அமெரிக்காவில் மட்டும் எப்படி?

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம், வெளிநாட்டு நடைமுறையைக் கேள்விப்படுவது. அமெரிக்காவின் பல மாகாணங்களில் குடித்துவிட்டு ஓட்டியது, இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியது போன்ற காரணங்களுக்காக லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனால், அதைத் திரும்பப் பெற 'எஸ்ஆர்-22' என்ற சான்று கேட்பார்கள். 'இவருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது' என்று இன்சூரன்ஸ் கம்பெனி அரசுக்கு உறுதி சொல்லும் படிவம் அது. சொந்த கார் இல்லாதவர்கள் 'கார் இல்லாதவருக்கான பாலிசி' என்று ஒன்றை எடுத்து அந்தச் சான்றைக் கொடுப்பார்கள். அங்கேயும் சஸ்பெண்ட் காலத்தில் ஓட்ட அது அனுமதி இல்லை. லைசென்ஸைத் திரும்ப வாங்கத்தான்.

இந்தியாவில் எஸ்ஆர்-22 போன்ற படிவமே கிடையாது.

இங்கே இன்சூரன்ஸ் யாருக்கு?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 146-வது பிரிவுதான் அடிப்படை. பொது இடத்தில் ஓடும் எந்த வண்டிக்கும் மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ், அதாவது 'தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ்' இருக்க வேண்டும் என்கிறது அது. வண்டியால் அடிபடும் வெளியாளுக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம்.

பிரீமியமும் வண்டியைப் பார்த்தே. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி, 75 முதல் 150 சிசி வரையான பைக்குக்கு ஆண்டுக்கு 714 ரூபாய். 150 முதல் 350 சிசி வரை 1,366 ரூபாய். ஜிஎஸ்டி தனி. ஓட்டுபவர் யார், அவர் எத்தனை தடவை போலீஸில் சிக்கியவர் என்ற கேள்வியே இந்தக் கட்டணத்தில் வராது.

டிஎன் 55 என்று தொடங்கும் ஒரு பைக்குக்கு பாலிசி இருந்தால், உரிமையாளர் அனுமதியோடு அதை ஓட்டும் மச்சானுக்கும் நண்பனுக்கும் அதே பாலிசிதான் பொருந்தும். தனியாக எதுவும் எடுக்கத் தேவையில்லை. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது.

பாலிசியில் இருக்கும் அந்த ஒரு வரி

வண்டி இன்சூரன்ஸ் பாலிசியில் 'டிரைவர்ஸ் கிளாஸ்' என்று ஒரு பகுதி இருக்கும். பலரும் படிப்பதில்லை. உரிமையாளர் உட்பட யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், ஆனால் விபத்து நேரத்தில் அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதியிழப்பு செய்யப்பட்டவராக அவர் இருக்கக்கூடாது என்பதே அதன் சாரம்.

சஸ்பெண்ட் ஆன லைசென்ஸ் இந்த இடத்தில்தான் இடிக்கும். கார்டு பர்ஸில் இருக்கலாம், அதில் 2035 வரை செல்லும் என்றுகூட அச்சிட்டிருக்கலாம். சஸ்பெண்ட் காலத்தில் சட்டத்தின் பார்வையில் அது வெறும் அட்டை. தகுதியிழப்பு காலத்தில் ஒருவர் ஓட்டினார் என்பதை இன்சூரன்ஸ் கம்பெனி தன் எதிர்வாதமாக வைக்கச் சட்டமே அனுமதிக்கிறது. 2019 திருத்தத்துக்கு முன் இது 149-வது பிரிவில் இருந்தது. இப்போது 150-வது பிரிவில் இருக்கிறது.

விபத்து நடந்தால் பணம் யார் தலையில்?

ஓர் உதாரணம் பார்க்கலாம். அரிமளத்தில் ஒரு இளைஞருக்கு லைசென்ஸ் 3 மாதம் சஸ்பெண்ட். "சும்மா பக்கத்துலதான் மாமா, இப்ப வந்துடுறேன்" என்று மாமாவின் பைக்கை வாங்கிப் போகிறார். விஷயம் மாமாவுக்கும் தெரியும். வழியில் நடந்து போன ஒருவர் மீது பைக் மோதி அவர் இறந்துவிடுகிறார்.

இறந்தவரின் குடும்பம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு தீர்ப்பாயத்துக்குப் போகும். ஓட்டியவர், உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி என மூவரும் எதிர்த் தரப்பு. இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பி இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதை வைத்து இழப்பீடு கணக்கிடப்படும். சம்பாதிக்கும் வயதில் இருந்தவர் என்றால் தொகை பல லட்சம் ஆகும்.

2004-ல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இந்த இடத்தில் முக்கியம். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பணம் கொடுக்கட்டும், பிறகு நிபந்தனையை மீறிய உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்ற வழியை அந்தத் தீர்ப்பு உறுதிப்படுத்தியது. 'முதலில் கொடு, பிறகு வசூலி' என்று இதைச் சொல்கிறார்கள். தீர்ப்பாயங்கள் இன்றும் இந்த வழியில் உத்தரவு போடுகின்றன.

அதாவது நடந்து போனவரின் குடும்பத்துக்குப் பணம் வரும் வாய்ப்பு அதிகம். ஆனால் அந்தப் பணம் திரும்ப மாமாவின் வாசலுக்கே வரும். சட்டத்தின் 174-வது பிரிவுப்படி தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்று அனுப்பினால், அந்தத் தொகையை நில வரி பாக்கியைப் போல வசூலிக்கலாம். வீடு, வயல் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். ஆண்டுக்கு 714 ரூபாய் கட்டி வைத்திருந்த பாதுகாப்பு, அந்த ஒரு பயணத்தில் போய்விடுகிறது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றால்?

உரிமையாளருக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்று நிரூபித்தால் மட்டும் போதாது. உரிமையாளர் தெரிந்தே கொடுத்தார், அல்லது நியாயமான கவனம் எடுக்கவில்லை என்பதையும் இன்சூரன்ஸ் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும் என்று அதே 2004 தீர்ப்பு சொல்கிறது. ஆனால் ஒரே வீட்டில், ஒரே தெருவில் இருப்பவரின் லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனது தெரியாது என்று கோர்ட்டில் நம்ப வைப்பது சுலபம் இல்லை.

ஓட்டியவருக்கே அடிபட்டால்?

பலருக்கும் அதிர்ச்சி தரும் விஷயம் இது. இரவல் வாங்கி ஓட்டுபவர் 'மூன்றாம் தரப்பு' அல்ல. வண்டியை இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்துக்கு வந்துவிடுகிறார் என்று உச்ச நீதிமன்றம் 2009-லும், மீண்டும் 2020 ஜனவரியிலும் சொல்லியிருக்கிறது. இரண்டு வழக்கிலும் இறந்தவர்கள் அடுத்தவரின் பைக்கை ஓட்டிப் போனவர்கள். தவறு யாருடையது என்று பார்க்காமலே இழப்பீடு தந்த, அப்போது சட்டத்தில் இருந்த 163ஏ பிரிவில், அந்த பைக்கின் மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸிலிருந்து அவர்கள் குடும்பத்தால் இழப்பீடு பெற முடியவில்லை.

சரியான லைசென்ஸ் இருப்பவருக்கே இந்த நிலை. உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் கட்டாய தனிநபர் விபத்து பாதுகாப்பும் உரிமையாளர் ஓட்டும்போது, அதுவும் அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான்.

அபராதம், சிறை எவ்வளவு?

விபத்தே நடக்காவிட்டாலும், வாகனச் சோதனையில் சிக்கினால் இருவருக்கும் சிக்கல்.

• சஸ்பெண்ட் காலத்தில் ஓட்டியவருக்கு (182-வது பிரிவு): 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

• தகுதியான லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கு (180-வது பிரிவு): 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

• வண்டிக்கு இன்சூரன்ஸும் இல்லை என்றால் (196-வது பிரிவு): முதல் முறை 3 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் அபராதம் 4,000 ரூபாய்.

எதற்கெல்லாம் சஸ்பெண்ட் ஆகும்?

பெரிய குற்றம் செய்தால்தான் சஸ்பெண்ட் என்று நினைக்க வேண்டாம். ஹெல்மெட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதத்தோடு 3 மாதம் தகுதியிழப்பு என்கிறது 194டி பிரிவு. அதிவேகம், குடித்துவிட்டு ஓட்டுவது, செல்போன் பேசிக்கொண்டு ஓட்டுவது, சிக்னலை மீறுவது ஆகியவற்றுக்கும் லைசென்ஸ் போகலாம்.

இதன் பின்னால் தமிழ்நாட்டுத் தொடர்பு ஒன்று உண்டு. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்டார். அந்த வழக்கில் அமைக்கப்பட்ட குழு, இதுபோன்ற மீறல்களுக்குக் குறைந்தது 3 மாதம் லைசென்ஸை சஸ்பெண்ட் செய்யும்படி 2015 ஆகஸ்டில் மாநிலங்களுக்குச் சொன்னது. புதிய பைக்குக்கு 5 ஆண்டு, புதிய காருக்கு 3 ஆண்டு மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸை மொத்தமாக எடுக்க வேண்டும் என்று 2018 செப்டம்பரில் வந்த விதியும் இதே வழக்கின் விளைவுதான்.

லைசென்ஸை திரும்ப வாங்குவது எப்படி?

சஸ்பெண்ட் செய்யும் முன் ஆர்டிஓ அலுவலகம் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். நோட்டீஸ் வந்தால் பதில் கொடுக்காமல் விடக்கூடாது. உத்தரவு தவறு என்று நினைத்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சஸ்பெண்ட் காலம் முடிந்ததும், ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்தால்தான் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும் என்று சட்டத்தின் 19-வது பிரிவு சொல்கிறது. மறுபடியும் அதே வகைத் தவறில் சிக்கினால் லைசென்ஸே ரத்தாகலாம்.

இதற்காகத் தனி இன்சூரன்ஸ் சான்று எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. "சஸ்பெண்ட் ஆனவங்களுக்கு ஸ்பெஷல் பாலிசி" என்று யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம்.

அந்த 3 மாதத்தில் என்ன செய்யலாம்?

வண்டி வாங்கவோ, வண்டிக்கு இன்சூரன்ஸ் போடவோ தடை இல்லை. ஓட்டத்தான் தடை. லைசென்ஸ் உள்ள ஒருவர் ஓட்ட, நீங்கள் பின்னால் உட்கார்ந்து போகலாம்.

உங்கள் உயிருக்கும் உடம்புக்கும் பாதுகாப்பு வேண்டும் என்றால், அது வண்டி இன்சூரன்ஸ் இல்லை, தனிநபர் விபத்து காப்பீடு. 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள் வங்கிக் கணக்கு மூலம் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டிச் சேரலாம். விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். ஆனால் நீங்கள் ஓட்டி வேறொருவருக்கு அடிபட்டால் அவருக்குத் தர வேண்டிய இழப்பீட்டை இது ஏற்காது.

சாவியை வாங்கும் முன், கொடுக்கும் முன்...

• வண்டியின் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்பதை எம்-பரிவாகன் ஆப்பில் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

• ஓட்டப்போகிறவரின் லைசென்ஸ் கார்டை மட்டும் பார்க்காமல், பரிவாகன் தளத்தில் அதன் தற்போதைய நிலையையும் பாருங்கள். லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் போதும்.

• கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் வைத்திருப்பவரிடம் கியர் பைக்கைக் கொடுக்க வேண்டாம்.

• வண்டியை விற்றிருந்தால் ஆர்சி-யில் பேர் மாறியதா என்று பாருங்கள். ஆர்சி யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எப்போதோ விற்ற வண்டி மோதினாலும் நோட்டீஸ் பழைய ஓனர் வீட்டுக்குத்தான் வரும்.

சொந்தக்காரரிடம் "லைசென்ஸ் சரியா இருக்கா?" என்று கேட்பது சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் கேட்காமல் கொடுத்த சாவிக்கு வீட்டையும் வயலையும் பணயம் வைக்க வேண்டி வரலாம்.