கறுத்த திரை ஊமை அல்ல

ரேக்கில் பொருத்திய சர்வரை இயக்கியதும் முதலில் கேட்பது விசிறிகளின் இரைச்சல். பிறகு திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடி, ஏதோ ஒரு வரியில் நின்றுவிடுகின்றன. பத்து நிமிடம் ஆகியும் ஓர் எழுத்துகூட நகரவில்லை. ஃபயர்வால் நிறுவ உட்கார்ந்தவர் பென் டிரைவைச் சந்தேகித்து மறுபடி தயாரிக்கிறார். மறுபடியும் அதே வரி. பல நேரங்களில் அந்தச் சர்வர் உண்மையில் நின்றுபோவதில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறது. கேட்ட இடம்தான் திரை அல்ல, பின்பக்கத்துச் சீரியல் போர்ட்.

இது பரம்பரைப் பழக்கம். இன்று பலரும் நிறுவும் திறமூல ஃபயர்வால்களான பிஎஃப்சென்ஸ், ஓப்பன்சென்ஸ் இரண்டுக்கும் மூதாதை, சுவிட்சர்லாந்தின் மானுவல் காஸ்பர் 2003-ல் வெளியிட்ட மோனோவால். சாக்ரிஸ் போன்ற சிறு பெட்டிகளில் ஓடுவதற்காகப் பிறந்தது அது. அந்தப் பெட்டிகளில் திரையை இணைக்க வழியே கிடையாது. பேச்செல்லாம் சீரியல் கம்பி வழியாகத்தான். 2004-ல் மோனோவாலிலிருந்து பிஎஃப்சென்ஸ் பிரிந்தது, 2015-ல் பிஎஃப்சென்ஸிலிருந்து ஓப்பன்சென்ஸ். இன்றும் ஓப்பன்சென்ஸின் நிறுவல் கோப்புகளில் திரைக்கு ஒன்று, சீரியலுக்கு ஒன்று எனத் தனித்தனியாக உண்டு. சீரியலுக்கானதை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், நிறுவல் பக்கம் நாம் பார்க்காத இடத்தில் திறந்து கிடக்கும்.

சீரியல் கம்பியால் சர்வரை நம் கணினியோடு இணைத்தால் அடுத்த கேள்வி வேகம். வழக்கமான விடை 115200. இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் சீரியல் அட்டையில் விநாடிக்கு 18,43,200 முறை துடிக்கும் ஒரு படிகம் இருந்தது. 300, 1200, 9600 என்ற பழைய வேகங்கள் எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும் எண் அது. ஒரு பிட்டை அடையாளம் காண அந்த அட்டையின் சில்லு 16 துடிப்புகளை எடுத்துக்கொள்ளும். 18,43,200-ஐ 16-ஆல் வகுத்துப் பாருங்கள்: 1,15,200. அந்தப் படிகம் தரக்கூடிய உச்ச வேகம் இதுதான். நாற்பது ஆண்டுகள் கடந்தும், பல்லாயிரம் மடங்கு வேகமான சர்வர்கள் அந்தச் சின்னப் படிகத்தின் கணக்கில்தான் நம்மோடு பேசுகின்றன.

கம்பியின் இரு முனைகளுக்கும் பொதுக் கடிகாரம் இல்லை. இரண்டும் தத்தம் கணக்கில் எண்ணுகின்றன. ஒரு முனை 9600 என்றும் மறுமுனை 115200 என்றும் எண்ணினால் நம் கணினித் திரையில் குப்பை எழுத்துகள் கொட்டும். அதைப் பார்த்துச் சோர்ந்துவிடக் கூடாது. கம்பி சரி, இயந்திரம் உயிரோடு இருக்கிறது, வேகம் மட்டும்தான் பொருந்தவில்லை என்று அந்தக் குப்பையே சொல்கிறது.

பேச்சு கேட்கத் தொடங்கிய பிறகு, அது எந்த வரியில் அறுந்தது என்று பார்க்க வேண்டும். சர்வர் விழித்தெழுவது ஒரு தொடர் ஓட்டம். பழைய பயாஸ் முறையில் முதல் ஓட்டக்காரர் வட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படிப்பார். யூஇஎஃப்ஐ முறையில் ஒரு குறிப்பிட்ட கோப்பைத் தேடுவார். அடுத்தவர் லோடர், அதற்கடுத்தவர் கெர்னல். ஒவ்வொருவருக்கும் தெரிந்தது கொஞ்சம்தான். அடுத்தவரைக் கண்டுபிடித்துக் கோலைக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. நிறுவலில் நேரும் பழுதுகளில் பல இந்தக் கைமாற்றங்களில்தான் நேர்கின்றன.

மவுண்ட்ரூட் என்ற சொல்லோடும் பிழை 19 என்ற எண்ணோடும் ஓட்டம் நிற்பது இதற்கு நல்ல உதாரணம். கெர்னலே அந்தப் பென் டிரைவிலிருந்துதான் வந்தது. வந்த பிறகு அதே பென் டிரைவைக் காணோம் என்கிறது! காரணம் எளிது. கெர்னலை ஏற்றியபோது பென் டிரைவைப் படித்துக் கொடுத்தது சர்வரின் பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ. பொறுப்பேற்ற கெர்னல் எல்லாச் சாதனங்களையும் தன் கண்ணால் புதிதாகத் தேட வேண்டும். யூஎஸ்பி சாதனங்கள் நிறைந்த சர்வரில் பென் டிரைவ் கண்ணில் படுவதற்குள் கெர்னலின் பொறுமை தீர்ந்துவிடுகிறது. லோடரிலேயே ஒரு வரி எழுதி, 10,000 மில்லி விநாடி காத்திருக்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும். பத்தே விநாடிப் பொறுமைதான் மருந்து.

கடைசிக் கைமாற்றம் நெட்வொர்க் அட்டையில். இந்த ஃபயர்வால்களின் அடித்தளமான ஃப்ரீபிஎஸ்டி, அட்டைக்கு அதன் டிரைவரின் பெயரையே சூட்டுகிறது: இன்டெல் அட்டை ஐஜிபி0 ஆகலாம், பிராட்காம் அட்டை பிஜிஇ0 ஆகலாம். டிரைவர் இல்லாத அட்டைக்குப் பெயரே கிடையாது. கையால் தொட முடிந்தாலும் கெர்னலுக்கு அது இல்லாத பொருள். பெயர் இருந்தும், பின்னால் உள்ள நான்கு துளைகளில் எது எந்தப் பெயர் என்று புரியாவிட்டால், பிஎஃப்சென்ஸ் ஓர் எளிய வழி வைத்திருக்கிறது. எல்லாக் கம்பிகளையும் உருவிவிட்டு, ஒன்றை மட்டும் செருகச் சொல்கிறது.

செருகியதும் ஒரு சிறு விளக்கு ஒளிர்கிறது, ஒரு வரி ஓடுகிறது: இந்தத் துளைக்கு இந்தப் பெயர். சற்று முன்பு செத்துவிட்டது என்று நாம் முடிவு கட்டிய அதே இயந்திரம்தான் இதைச் சொல்கிறது.