ஆளைப் பார்த்துக்கற வேலையும் ஒரு தொழில்தான்: அப்ரண்டிஸ் வழியைத் தெரிந்துகொள்வோம்



நம்ம கணபதிப் பக்கம் எந்த பவுண்டரி, எந்த லேத்துப் பட்டறைக்குள் போனாலும் ஒரு அப்ரண்டிஸ் பையன் நிற்பான். மேஸ்திரி பக்கத்தில் இருந்து பார்த்து, கையில் எண்ணெய் பட்டுப் பழகி, இரண்டு மூன்று வருடத்தில் அவனே டர்னர் ஆகிவிடுவான். பள்ளிக்கூடத்தில் எட்டாவதோ பத்தாவதோதான் படித்திருப்பான். ஆனாலும் "கைத்தொழில் தெரிஞ்ச பையன்" என்று ஊரே சொல்லும்.

நமக்கும் ஒரு கைத்தொழில் தெரியும். பக்கவாதத்தில் படுத்த மாமியாரைக் குளிப்பாட்டுவது, கண் தெரியாத அப்பாருக்குச் சோறு ஊட்டுவது, நடக்க முடியாத குழந்தையைத் தூக்கிச் சுமப்பது எல்லாம் வீட்டுப் பெண்கள்தான். அதை யாரும் தொழில் என்று சொல்வதில்லை, கூலியும் இல்லை. இதே வேலையை முறையாகக் கற்று, சான்றிதழ் வாங்கி, நியாயமான சம்பளத்துக்குச் செய்ய முடியுமா? முடியும். அதற்கான வழிகளில் ஒன்று அப்ரண்டிஸ் பயிற்சி.

ஏன் இந்த வேலைக்கு ஆள் தேவை?

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100 பேருக்குச் சுமார் 10 பேர் 60 வயது தாண்டியவர்கள். 2031இல் இது 18 பேராகும் என்று மத்திய அரசின் மதிப்பீடு சொல்கிறது. பிள்ளைகள் பெங்களூர், வெளிநாடு என்று போய்விட, கோவையைச் சுற்றி முதியோர் குடியிருப்புகளும் முதியோர் இல்லங்களும் பெருகிவிட்டன. அங்கே டாக்டரும் நர்சும் மட்டும் போதாது. பக்கத்தில் இருந்து தினமும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

நம் குழுப் பெண்கள் இதைச் செய்ய முடியும் என்பதற்குச் சாட்சி உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை அரசு தொடங்கியது. வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர்களாகச் சுய உதவிக் குழுப் பெண்களையே எடுத்தார்கள். நம்மைப் போன்றவர்கள்தான் பயிற்சி பெற்று மெஷினைக் கையில் எடுத்தார்கள்.

இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கு?

கூட்டத்தில் பல அக்காமார் கேட்பது இதுதான்: "ஏனுங்க, படுத்திருக்கிறவங்களைப் பார்த்துக்கறதுக்குப் படிப்பு வேணுங்களா?" வேண்டும். சில உதாரணங்கள்:

• படுக்கையிலேயே இருப்பவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வந்துவிடும். தோல் சிவக்கும்போதே கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும்.
• படுத்த வாக்கில் ஊட்டினால் புரை ஏறி, சோறு நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். சாப்பிட்டதும் படுக்க வைக்கக் கூடாது.
• யூரின் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்கவிட வேண்டும். மேலே தூக்கினால் மூத்திரம் திரும்ப உள்ளே போய்க் கிருமி ஏறும்.
• பாரமான ஆளைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்க வேண்டும். இது தெரியாமல் எத்தனையோ பேர் சொந்த முதுகைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.
• எதைச் செய்யக் கூடாது என்பதும் ஒரு பாடம். ஊசி போடுவது, மாத்திரையை மாற்றுவது நம் வேலை அல்ல.

இவையெல்லாம் நோட்டில் எழுதிப் படித்தால் வராது. தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று, நம் கை தப்பும்போது திருத்த வேண்டும். அதனால்தான் இந்தத் தொழிலுக்கு அப்ரண்டிஸ் முறை பொருந்துகிறது. ஜெர்மனியில் நர்சிங் பயிற்சியே இப்படித்தான். மூன்று வருடம் ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் மாதச் சம்பளத்தோடு கற்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 1961ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறது. பல வருடம் ஃபிட்டர், டர்னர் போன்ற தொழில்களுக்குத்தான் அது பெரும்பாலும் பயன்பட்டது. 2014இல் சட்டத்தைத் திருத்திய பிறகு மற்ற தொழில்களுக்கும் வழி திறந்தது. ஆஸ்பத்திரியில் 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்' என்பது அப்படி ஒரு வேலை.

30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள இடங்கள் விரும்பினால் எடுக்கலாம். தனியார் வீட்டில் அப்ரண்டிஸாகச் சேர முடியாது. ஆஸ்பத்திரியிலோ இல்லத்திலோ கற்று முடித்த பிறகு வீடுகளுக்கு வேலைக்குப் போகலாம்.

2019ஆம் வருட விதிப்படி மாத உதவித்தொகை குறைந்தது இவ்வளவு:

• 5 முதல் 9ஆம் வகுப்பு வரை படித்தவர்: ரூ.5,000
• 10ஆம் வகுப்பு: ரூ.6,000
• 12ஆம் வகுப்பு: ரூ.7,000
• டிகிரி: ரூ.9,000

இதை 36 சதவீதம் உயர்த்தச் சொல்லி 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் சிபாரிசு செய்தது. எனவே சேரும் நாளில் உள்ள ரேட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 25 சதவீதம், அதிகபட்சம் ரூ.1,500. அது நேராக நம் வங்கிக் கணக்குக்கு வரும். இந்தப் பங்குக்கு வயது வரம்பு 14 முதல் 35. ஆனாலும் ஆஸ்பத்திரி வேலைக்கு 18 முடிந்த பிறகு அனுப்புவதுதான் நல்லது.

"அப்ரண்டிஸ்னா வேண்டாம் கண்ணு"

இப்படிச் சொல்லும் தாய்மார்கள் உண்டு. அவர்கள் பயம் பொய்யல்ல. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூல் மில்களில் சுமங்கலித் திட்டம் என்று சொல்லி, வயசுப் பெண்களை அப்ரண்டிஸ் என்ற பெயரில் ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்கினார்கள். மூன்று வருடம் முடிந்தால் மொத்தமாகப் பணம் என்றார்கள். உடம்பு முடியாமல் பாதியில் வந்தவர்களில் பலர் அந்தப் பணத்தைப் பார்க்கவே இல்லை.

முறையான அப்ரண்டிஸ் பயிற்சி அப்படி இருக்கக் கூடாது. வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்:

1. எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும், அது அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் பதிவாக வேண்டும். ஒரு நகல் நம் கையில் இருக்க வேண்டும்.
2. உதவித்தொகை மாதாமாதம் வர வேண்டும். "கடைசியில் மொத்தமாகத் தருகிறோம்" என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.
3. அப்ரண்டிஸ் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது.
4. வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு முதலாளியின் பொறுப்பு.
5. சொல்லித்தர ஒரு ஆள் இருக்க வேண்டும். தரை துடைக்க மட்டும் விட்டால் அது பயிற்சி அல்ல.
6. ஒரிஜினல் மார்க்‌ஷீட், ஆதார் எதையும் பிடித்து வைக்க விடாதீர்கள். நகல் போதும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சி முடிந்ததும் அதே இடத்தில் வேலை தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் தேர்வெழுதி வாங்கும் சான்றிதழ் நம்முடையது. அதை வைத்து வேறு இடத்தில் கேட்கலாம், பேரம் பேசலாம். ஏஜென்சி மூலம் வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குக் கமிஷன் போக என்ன மிஞ்சுகிறது என்று விசாரித்துப் பாருங்கள். சான்றிதழின் அருமை அப்போது புரியும்.

35 வயது தாண்டியவர்கள்?

நம் குழுவில் பாதிப் பேர் இந்த வயதுதான். மனம் விட வேண்டாம். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்தும் குறுகிய காலப் பயிற்சிகளில் இந்தத் தொழிலும் வருகிறதா, வயது வரம்பு என்ன என்று மகளிர் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள். பக்கத்துக் கேரளாவில் குடும்பஸ்ரீ பெண்கள் பயிற்சி பெற்று, முதியோர் பராமரிப்பை அமைப்பாகவே நடத்துகிறார்கள். வாளையார் தாண்டினால் அங்கேதான். அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும்.

குழு என்ன செய்யலாம்?

அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள். விருப்பம் உள்ளவர்களின் பெயர், வயது, படிப்பை எழுதிக் கூட்டமைப்பிடம் கொடுங்கள். ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து ஆஸ்பத்திரிகளில் அப்ரண்டிஸ் எடுக்கிறார்களா என்று மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் விசாரிக்கலாம். தனியாகப் போக வேண்டாம், இரண்டு மூன்று பேராகப் போங்கள். வேலையிடத்தில் யாராவது தொந்தரவு கொடுத்தால் 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது, குழுவும் பின்னால் நிற்க வேண்டும்.

இன்னொன்று. பயிற்சிக்குப் போகும் பெண்ணின் வீட்டில் காலைச் சமையலையும் பிள்ளைகளையும் யார் பார்ப்பது என்பதை முன்கூட்டியே வீட்டாரோடு பேசி முடிவு செய்யுங்கள். பயிற்சி பாதியில் நிற்பதற்குப் பல நேரம் காரணம் அதுதான். அடுத்தவர் வீட்டுப் பெரியவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவளுக்கு, அவள் வீட்டைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு கை வேண்டும்.