நாலு உள்ளங்கை ரப்பர்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொத்தேரி ரயில் நிலையத்தில் கல்லூரிப் பிள்ளைகளின் கூட்டம் இல்லாத நிம்மதியான காலை வேளை. நான் காப்பி டம்ளரைக் கையில் எடுத்ததுதான் தாமதம், அடுத்த வீட்டு அம்மாள் வந்துவிட்டார். முகத்தில் ஒரே கவலை.

"இந்த நியாயத்தை நீங்களே கேளுங்கள். என் பிள்ளை காருக்கு டயர் மாற்றப் போகிறானாம். நாலு டயருக்கு ஏறக்குறைய ஒரு சவரன் விலை! இருக்கிற டயருக்கு என்ன கேடு என்றால், 'டிராக்'கில் ஓட்ட அது உதவாது என்கிறான். ஞாயிற்றுக்கிழமை டிராக்காம். திங்கட்கிழமை அதே காரில்தானே என் பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள்? ரேஸ் டயர் போட்ட காரில் குழந்தையை ஏற்றலாமா?"

வாசகர்களே, டயர் என்றதும் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். அந்த அம்மாள் கேட்ட கடைசிக் கேள்வி சாமானியமான கேள்வி அல்ல. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளையோ, மாப்பிள்ளையோ, ஏன், பெண்ணோகூட, வேகமான கார் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு இதே பேச்சைப் பேசக்கூடும்.

சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை

முதலில் இந்த 'டிராக்' எது என்று பார்த்துவிடுவோம். சென்னைக்கு மோட்டார்ப் பந்தயம் புதிதல்ல. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் ஏற்பட்டது. இரண்டாவது உலக யுத்தத்துக்காகப் போட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய்ப் பார்த்த தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். பிறகு 1990-ல், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே போட்ட பாதை திறக்கப்பட்டது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோ மீட்டர். பொத்தேரியிலிருந்து வண்டலூர் போய், வெளிவட்டச் சாலையில் ஏறி, பெங்களூர் நெடுஞ்சாலையில் திரும்பினால் வந்துவிடும்.

'டிராக் டே' என்பது பந்தயம் அல்ல. பரிசும் இல்லை, கோப்பையும் இல்லை. சொந்தக் காரைக் கொண்டு போய், தலைக்கவசம் அணிந்து, முறை வைத்துக்கொண்டு சிறிது நேரம் சுற்றி வருவது. எதிரே லாரி வராது, குறுக்கே மாடு வராது. வேகமாக ஓட்டியே தீருவேன் என்கிறவன் ஜி.எஸ்.டி. சாலையில் ஓட்டுவதைவிட இங்கே ஓட்டுவது ஆயிரம் மடங்கு மேல். இதைச் சொன்னதும் அம்மாளின் முகம் சற்றுத் தெளிந்தது. ஆனால் டயர்?

உள்ளங்கைக் கணக்கு

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். காரின் எடை 1,200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ. பெட்ரோல் பங்கில் "காற்று 32 பிடி" என்கிறோமே, அந்த 32 என்பது ஒரு சதுர சென்டி மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டே கால் கிலோ அழுத்தம். 300-ஐ அதால் வகுத்தால் சுமார் 133 சதுர சென்டி மீட்டர் வருகிறது. அதாவது, ஓர் உள்ளங்கை! எவ்வளவு பெரிய காராக இருந்தாலும் அது பூமியைத் தொட்டுக்கொண்டிருப்பது நாலு உள்ளங்கை ரப்பரில்தான். பிரேக்கும் அதில்தான், திருப்பமும் அதில்தான், உள்ளே இருக்கிற உயிர்களும் அதில்தான்.

இந்த ரப்பரில் மூன்று ஜாதி உண்டு.

முதலாவது, சாதாரண டயர். ரப்பர் கெட்டியாக இருக்கும், நெடுநாள் உழைக்கும், 'பட்டன்' ஆழமாக இருக்கும். தினசரி கட்டும் நூல் புடவை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராக்கில் நாலு சுற்று ஓட்டினால் சூடேறிக் குழைந்து, வழுக்க ஆரம்பிக்கும்.

மூன்றாவதை முன்னால் சொல்லிவிடுகிறேன். 'செமி-ஸ்லிக்' என்று பெயர். பாதி மொட்டை என்று அர்த்தம். ரப்பர் மிருதுவாக இருக்கும். பட்டன் பெயருக்குக் கொஞ்சம் இருக்கும். காய்ந்த டிராக்கில் சூடானபின் உடும்பு மாதிரி பிடிக்கும். ஆனால் தோசைக்கல்லைப் போல அதற்குப் பதமான சூடு வேண்டும். காலையில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது அந்தச் சூடு எங்கே இருக்கிறது? தேய்மானமும் அதிகம். அதோடு, ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் ரப்பர் சிறிது இறுகும். உங்கள் குக்கர் காஸ்கெட் என்ன ஆகிறது? பார்வைக்கு நன்றாகவே இருக்கும். பிடிப்பு மட்டும் போயிருக்கும். அதே கதைதான்.

இரண்டுக்கும் நடுவே இருப்பது, தெருவுக்கென்றே செய்த உயர்ரக ஸ்போர்ட்ஸ் டயர். தண்ணீர் வெளியேறத் தாராளமான வாய்க்கால்கள் உண்டு. டிராக்கில் சில சுற்றுகளைத் தாங்கும் பலமும் உண்டு.

பிள்ளை சொன்ன ரகசியம்

பிள்ளையாண்டானைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவனுக்கு வேண்டியது மூன்றாவது ஜாதி. "ஏனப்பா?" என்றேன். அம்மா உள்ளே போகும் வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் சொன்னான்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் மனைவியோடு டிராக்குக்குப் போயிருக்கிறான். சுற்றச் சுற்ற டயர் சூடாகி, உள்ளே காற்றின் அழுத்தம் ஏறும். ஆகையால் நடுநடுவே சிறிது காற்றை இறக்கிவிடுவது வழக்கம். அவனும் இறக்கியிருக்கிறான். சாயங்காலம் வீடு திரும்பும்போது, மறுபடி காற்று அடிக்க மறந்துவிட்டான். டயர் ஆறியதும் அழுத்தம் 25, 26-க்கு வந்திருக்க வேண்டும். வெளிவட்டச் சாலையில் திடீரென்று கோடை இடி மாதிரி ஒரு மழை. தேங்கிய நீரில் ஏறிய கார், ஸ்டியரிங் பேச்சைக் கேட்காமல், மிதந்துகொண்டே அடுத்த வரிசைக்குப் போய்விட்டது. பின்னால் லாரி எதுவும் வராதது அவர்கள் செய்த புண்ணியம்.

"அதனால்தான் ஸார், நல்ல பிடிப்புள்ள ரேஸ் டயராகப் போடுகிறேன் என்கிறேன்" என்றான்.

இங்கேதான் பிள்ளை தப்புக் கணக்குப் போட்டிருந்தான். அன்று கார் மிதந்ததற்குக் காரணம் ரப்பரில் பிடிப்பு இல்லாதது அல்ல. ரப்பர் சாலையைத் தொடவே இல்லை. வேகமாகப் போகும் டயருக்கு முன்னால் தண்ணீர் ஆப்பு மாதிரி சேருகிறது. பட்டன் இடுக்குகள் அதை வாரி வெளியே தள்ள வேண்டும். பட்டன் தேய்ந்திருந்தாலோ, காற்று குறைவாக இருந்தாலோ, குறைந்த வேகத்திலேயே கார் மிதந்துவிடும். அன்று அவன் நினைத்த பாதி மொட்டை டயர் இருந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஜி.எஸ்.டி. சாலை எப்படி இருக்கும் என்று தாம்பரத்துக்குத் தெற்கே குடியிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடையில் பார்க்க வேண்டியவை

ஆகவே, ஒரே ஜோடி டயரில் டிராக்கும் தெருவும் நடக்க வேண்டுமானால், நடு ஜாதியே உத்தமம். வாங்கும்போது டயரின் விலாவைப் படிக்கத் தெரிய வேண்டும். புடவையில் ஜரிகையைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது என்ன பிரமாதம்!

'205/55 ஆர் 16 91 வி' என்று போட்டிருந்தால், அகலம் 205 மில்லி மீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு. சக்கரம் 16 அங்குலம். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 'வி' என்றால் மணிக்கு 240 கிலோ மீட்டர் வரை, 'டபிள்யூ' 270, 'ஒய்' 300. கார்க் கம்பெனி சொன்ன அளவுக்குக் கீழே போகவே கூடாது.

'டிரெட்வேர்' என்று ஓர் எண் பல டயர்களில் இருக்கும். எண் பெரிதானால் உழைப்பு ஜாஸ்தி. சிறிதானால் ரப்பர் மிருது. 400, 500 என்றால் குடும்ப டயர். 200-ஐ ஒட்டி வந்தால் டிராக் பிரியர்களுடையது. நூறும் அதற்குக் கீழும் பாதி மொட்டை ஜாதி. இந்த எண்ணைக் கம்பெனிகள் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். ஆகையால் ஒரு கம்பெனி எண்ணை இன்னொரு கம்பெனி எண்ணோடு ஒப்பிடுவதில் நிதானம் வேண்டும்.

கடைசியாக, நாலு இலக்க எண் ஒன்று. '2324' என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பது போல் இதையும் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கட்டும். வெளிநாட்டில் புகழ் பெற்ற டயர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அலைச்சல் மிச்சம். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தது. அதற்காக வருந்த வேண்டாம். 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். இன்று பந்தய டயரும் செய்கிறது. ஒரகடத்தில் அப்போலோ கம்பெனியின் ஆலை இருக்கிறது. நம்மைச் சுற்றி டயருக்குப் பஞ்சமில்லை.

டயர் வாங்கினால் மட்டும் போதாது. நாலும் ஒரே ஜாதியாக இருக்க வேண்டும். டிராக்கிலிருந்து புறப்படும் முன், டயர் ஆறியபின், காற்றைப் பழைய அளவுக்கு அடிக்க வேண்டும். பட்டன் இடுக்கில் 1.6 மில்லி மீட்டர் உயரத்துக்குச் சிறு மேடுகள் இருக்கும். தேய்மானம் அந்த மட்டத்தைத் தொட்டால் டயருக்கு ஆயுள் முடிந்தது. மழைக்காலத்துக்கு அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. டயரின் தோள் ஓரம் அதிகம் தேய்ந்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். இன்னொரு விஷயம்: வழக்கமான கார் இன்ஷூரன்ஸ், பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. டிராக்குக்குப் போகும் முன் பாலிசியை ஒரு தடவை முழுக்கப் படித்துவிடுவது புத்திசாலித்தனம்.

அன்று மாலையே பிள்ளை தன் அம்மாவிடம் ஆவணி மாதத்துக் கதையை மறைக்காமல் சொல்லிவிட்டான். அம்மாள் ஒரு மணி நேரம் பேசவில்லை. பிறகு, "நடு ஜாதியையே வாங்கு. பணம் போனால் போகிறது" என்றாராம்.

இப்போது அந்த வீட்டில் ஒரு புதிய பழக்கம். திங்கட்கிழமை காலையில் பேத்தி காரில் ஏறும் முன், பாட்டி காற்று அளக்கும் கருவியோடு வாசலுக்கு வருகிறார். நாலு சக்கரத்திலும் வைத்துப் பார்த்து, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, "முப்பத்திரண்டு இருக்கிறது. போய் வா!" என்கிறார்.