பாட்டோடு பாடும் தகரம்

மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கும்கியை வீட்டில் நல்ல கருவியில் கேட்டு அனுபவித்த சங்கீத ரசிகர் ஒருவர், அதே கச்சேரியைத் தம் காரில் கேட்கும்போது, ஒவ்வொரு கும்கியின் வாலிலும் ‘டர்ர்’ என்று ஒரு தகர ஓசை ஒட்டிக்கொண்டு வருவதைக் கண்டு மனம் நொந்து, ஸ்பீக்கர்தான் கெட்டுவிட்டது என்று தீர்மானித்து, முன்னதைவிடப் பெரிய ஸ்பீக்கரும் பலமான ஆம்ப்ளிஃபயரும் வாங்கிப் பொருத்திக்கொள்வது இன்று சர்வசாதாரணமாகிவிட்டது. பொருத்திய பிறகு பாட்டு உரக்கக் கேட்கிறது. தகரமும் உரக்கக் கேட்கிறது. பெரும்பாலான கார்களில் குற்றம் ஸ்பீக்கரிடம் இல்லை, அது குடியிருக்கும் கதவிடம் இருக்கிறது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னே நகரும்போது எதிரிலுள்ள காற்றை நெருக்குகிறது; அதே கணத்தில் தன் முதுகுப் பக்கத்துக் காற்றைத் தளர்த்துகிறது. நேர்விரோதமான இவ்விரு அலைகளும் ஒன்றையொன்று சந்திக்க நேர்ந்தால் பரஸ்பரம் அழிந்துபோகும். கீச்சுக் குரல்களுக்கு இதனால் பெரிய பாதகம் இல்லை. ஆனால் 50 ஹெர்ட்ஸ் அளவிலான பேஸ் ஒலியின் அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளமுடையதாதலால், எந்த ஓட்டையையும் சுற்றி வளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். இதைத் தடுப்பதற்காகவே வீட்டு ஸ்பீக்கரைக் கனத்த மரப்பெட்டிக்குள் அடைக்கிறார்கள். காரிலோ பெட்டியின் ஸ்தானத்தில் இருப்பது கதவு: வெளிப்புறம் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத தகரம், உட்புறம், கண்ணாடியை ஏற்றியிறக்கும் மோட்டாரைப் பொருத்துவதற்காகப் பெரிய பெரிய ஓட்டைகள் விட்ட இன்னொரு தகரம், பல கார்களில் அந்த ஓட்டைகளை மூடியிருப்பது ஒரு பிளாஸ்டிக் தாள் மட்டுமே. பேஸ் அதன் வழியே கசிந்து மடிகிறது. கேட்பவர் பேஸ் போதவில்லையென்று குமிழைத் திருகுகிறார். பாவம், தகரம் இன்னும் பலமாக அதிர்கிறது.

ஒவ்வொரு தகட்டுக்கும் அது விரும்பி அதிரும் ஸ்வரங்கள் சில உண்டு. ஜெர்மானிய விஞ்ஞானி எர்ன்ஸ்ட் கிளாட்னி, தகட்டின்மேல் மணலைத் தூவி அதன் விளிம்பில் வயலின் வில்லை இழுத்தபோது, அதிரும் இடங்களைவிட்டு ஓடிய மணல் அதிராத கோடுகளில் குவிந்து விசித்திரமான கோலங்களாக நின்றதை 1787-இல் நூலாக எழுதி வெளியிட்டார். கார்க் கதவும் அத்தகைய ஒரு தகடுதான். பாட்டில் அதற்குப் பிடித்த ஸ்வரம் வந்ததும் தானும் சேர்ந்து பாடத் தொடங்கிவிடுகிறது. தகரம் தானே ஒலிப்பது ஒரு வியாதி. தளர்ந்த இரு பொருள்கள் மோதிக்கொண்டு கடகடப்பது வேறொரு வியாதி. இரண்டையும் ஒன்றென்று மயங்குவதால்தான் பலருடைய பணமும் உழைப்பும் வீணாகின்றன.

முதல் வியாதிக்கு மருந்து, முதுகில் அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் டேம்பிங் ஷீட். மிருதங்க வித்வான் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பியதும் அதன் வெற்றொலி மறைந்து நாதம் கனப்பதைப் போல, இந்த ஷீட் தகரத்துக்குக் கனம் கூட்டுவதோடு, அதன் நடுக்கத்தைத் தன் ரப்பருக்குள் வாங்கிச் சிறு வெப்பமாக மாற்றிவிடுகிறது. கதவு முழுவதையும் மூடவேண்டிய அவசியமில்லை. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போய், ‘டங்’ என்று ஒலிக்கும் பரப்புகளின் நடுவில் ஒட்டினால் போதும். பரப்பில் கால்பங்கு மூடியதிலேயே பயனில் பெரும்பகுதி கிட்டிவிடும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, உருளையால் அழுத்தித் தேய்த்து ஒட்டிய பின் மறுபடி தட்டிப் பாருங்கள். ‘டங்’ போய் ‘தொப்’ என்று கேட்கும். மலிவாகக் கிடைக்கும் தார் ஷீட் நம் ஊர் வெயிலில் இளகி நாற்றமடிக்குமாதலால் அதை ஒதுக்கிவிடுவதே நலம். பிறகு உள் தகரத்தின் ஓட்டைகளையும் இறுக அடைத்துவிட்டால், பழைய ஸ்பீக்கரிலிருந்தே அதுவரை கேட்டிராத பேஸ் எழும்.

இரண்டாம் வியாதிக்குப் பொறுமை வேண்டும். 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 200 வரை மெல்ல ஏறும் ஒற்றை ஒலியைச் செல்போனிலிருந்து ஓடவிட்டு, கடகடப்பு எழும் இடத்தில் நிறுத்தி, கையால் ஒவ்வொரு பாகமாக அழுத்திப் பார்க்கவேண்டும். எதை அழுத்தியதும் சப்தம் அடங்குகிறதோ அதுவே குற்றவாளி. உடைந்த டோர் பேட் கிளிப், பூட்டுக்குச் செல்லும் கம்பி, கட்டப்படாமல் தொங்கும் ஒயர், இரண்டே திருகில் நிற்கும் நம்பர் பிளேட், டிக்கியில் கிடக்கும் ஜாக்கி, கதவுப் பையில் மறந்துபோன சில்லறை என்று பட்டியல் நீளும். துணி டேப்பும் சிறு ஃபோம் துண்டுகளும் இவற்றில் அநேகத்தை அடக்கிவிடும்.

இவ்வளவும் ஆனபிறகே ஆம்ப்ளிஃபயரைப் பற்றி யோசிப்பது முறை. வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. சப்வூஃபர் இருந்தால், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை அதற்கு விட்டு, கதவு ஸ்பீக்கர்களை அந்தப் பாரத்திலிருந்து விடுவித்துவிடுங்கள்.

கடையில் கொடுத்துச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணாடி இடுக்கின் வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர், அடிவிளிம்பிலுள்ள சிறு துவாரங்களின் வழியே வெளியேறவேண்டும். அவற்றின்மேல் ஷீட்டை ஒட்டிவிட்டால் நீர் உள்ளே தேங்கி, கதவு துருப்பிடித்து அரித்துப்போகும். ஆகையால் வேலை முடிந்ததும் அந்த இடுக்கில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அது கீழே வடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.