வழிப்போக்கர் கொடுக்கும் ஸ்டார்

தமிழ்நாட்டில் சிவகிரி என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலுக்கு வடமேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது. அஞ்சல் குறியீடு 627757. மற்றொன்று ஈரோடு மாவட்டத்தில், கொடுமுடிப் பக்கம், குறியீடு 638109. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டினால், கேரளத்தின் வர்க்கலையில் நாராயண குருவின் சமாதி அமைந்த சிவகிரி வேறு. செல்போனில் ‘சிவகிரி ஹோட்டல்’ என்று தேடுபவரின் திரையில் இந்த மூன்று ஊர்க் கடைகளும் கலந்து வரலாம்.

கூகுள் மேப்பில் கடையை முதலாளிதான் சேர்க்க வேண்டும் என்பதில்லை. சாப்பிட்டுப் போன யாரோ ஒருவர் சேர்த்திருப்பார். பெயர் பிழையாக இருக்கும், போன் நம்பர் பழசாக இருக்கும், வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது பதிவாகியிருக்காது. பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் கோபத்தில் ஒரே ஒரு ஸ்டார் போட்டிருப்பார். அதனால் ரிவ்யூவைக் கவனிக்கும் வேலை, அந்தப் பக்கத்தை முதலாளி தன் பெயருக்கு மாற்றிக்கொள்வதில் தொடங்குகிறது. ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’ என்ற இந்த வசதிக்குக் கட்டணம் கிடையாது. கூகுளில் பதிவு செய்யக் கட்டணம் கட்டச் சொல்லி யாராவது போனில் கேட்டால், நம்ப வேண்டாம்.

உள்ளூர்க்காரர்களுக்கு இந்த ஸ்டார் கணக்கு தேவையில்லை. எந்த அண்ணாச்சி கடையில் சால்னா நன்றாக இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் தென்காசி மாவட்டச் சிவகிரி, திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது. சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகும் குடும்பங்களும், கார்த்திகை, மார்கழியில் செங்கோட்டை வழியாகச் சபரிமலை செல்லும் பக்தர்களும் இந்தச் சாலையில்தான் வருகிறார்கள். ராஜபாளையம் தாண்டும்போதே காருக்குள் ஒருவர் செல்போனை எடுத்து, சாப்பிட எங்கே நிறுத்தலாம் என்று பார்க்கத் தொடங்கிவிடுகிறார். அவருக்குக் கடையைப் பற்றித் தெரிவதெல்லாம் அந்தத் திரையில் உள்ளது மட்டும்தான்.

சிறிய கடைக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதை ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூகா 2011இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தை, ‘யெல்ப்’ என்ற ரிவ்யூ தளத்தில் அவை பெற்ற ஸ்டார்களோடு அவர் ஒப்பிட்டார். ஒரு ஸ்டார் கூடியபோது வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை உயர்ந்தது. ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் பெரிய உணவகங்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. பெயர் தெரிந்த கடைக்கு விளம்பரம் ஏற்கெனவே இருக்கிறது; பெயர் தெரியாத கடைக்கோ வாடிக்கையாளர் எழுதும் வரிகள்தான் விளம்பரம்.

திட்டி எழுதினால் என்ன செய்வது? நீக்கச் சொல்ல வேண்டும் என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். பிடிக்கவில்லை என்பதற்காக எந்த ரிவ்யூவையும் கூகுள் நீக்காது. ஆபாசம், மிரட்டல், கடைக்குத் தொடர்பே இல்லாத செய்தி, போலிப் பதிவு போன்ற விதிமீறல்கள் இருந்தால் புகார் செய்யலாம். மற்றவற்றுக்குப் பதில் எழுதுவதே வழி. டாவிடே ப்ரோசெர்பியோ, யோர்கோஸ் ஸெர்வாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பதில் எழுதத் தொடங்கிய தங்கும் விடுதிகளுக்கு 12 சதவீதம் அதிகமாக ரிவ்யூக்கள் வந்தன; சராசரி ரேட்டிங்கும் 0.12 ஸ்டார் ஏறியது. முதலாளி படிக்கிறார் என்று தெரிந்தால் மனம்போனபடி திட்டுவது குறைகிறது, குறை சொல்பவரும் விவரமாகச் சொல்கிறார் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

‘சால்னா ஆறிப்போயிருந்தது, இரண்டு முறை கேட்டும் யாரும் கவனிக்கவில்லை’ என்று ஒருவர் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘எங்கள் கடையைக் கெடுக்கப் பார்க்கிறீர்களா’ என்று பதில் போட்டால், அடுத்து படிக்கும் நூறு பேருக்கும் அந்தக் கோபம்தான் தெரியும். ‘ஐயா, ஞாயிறு மதியம் கூட்டத்தில் கவனிக்கத் தவறிவிட்டோம், மன்னியுங்கள். பரிமாற இன்னொரு ஆள் போட்டிருக்கிறோம். அடுத்த முறை வரும்போது கல்லாவில் சொல்லுங்கள்’ என்றால் போதும். ஆள் போட்டது மட்டும் உண்மையாக இருக்க வேண்டும்.

‘ஐந்து ஸ்டார் போட்டால் பத்து சதவீதம் தள்ளுபடி’ என்று போர்டு வைப்பது கூகுள் விதிப்படி தவறு. திருப்தியான வாடிக்கையாளரிடம் மட்டும் தேர்ந்தெடுத்து ரிவ்யூ கேட்பதும் தவறு. எல்லோரிடமும் கேட்கலாம், பில்லோடு க்யூஆர் கோடு கொடுக்கலாம். போலி ஸ்டாரை எவ்வளவு எளிதில் உருவாக்கலாம் என்பதை 2017இல் லண்டனில் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர் நிரூபித்தார். தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை ‘தி ஷெட் அட் டல்விச்’ என்ற உணவகமாக டிரிப்அட்வைசர் என்ற ரிவ்யூ தளத்தில் பதிந்து, நண்பர்களைக் கொண்டு அதைப் பாராட்டி எழுதவைத்தார். ஒருவருக்கும் சோறு போடாத அந்தக் கொட்டகை சில மாதங்களில் லண்டனின் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

இத்தகைய போலி ரிவ்யூக்களைத் தடுக்க, இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரவிதியைக் கொண்டுவந்தது. காசு கொடுத்து வாங்கிய ரிவ்யூக்களை வெளியிடக் கூடாது என்கிறது அது. ஆனால் கட்டாயமாக்காமல், விரும்பினால் பின்பற்றலாம் என்ற நிலையில் அறிமுகம் செய்தார்கள். அது கட்டாயமாக இருந்திருக்க வேண்டும். ஒழுங்காக மாவு பிசைந்து, நல்ல எண்ணெய் ஊற்றிக் கடை நடத்துபவர், ஸ்டார் வாங்கும் போட்டியாளரிடம் தோற்பது அநியாயம்.

இந்தப் போலி ரிவ்யூ தொழிலில் சாதாரண மக்களும் மாட்டுகிறார்கள். ‘கூகுள் மேப்பில் ரிவ்யூ போட்டால் பணம்’ என்று வாட்ஸ்அப், டெலிகிராமில் அழைப்பு வரும். முதலில் நூறோ இருநூறோ உண்மையிலேயே கணக்கில் விழும். பிறகு ‘பணம் கட்டினால் பெரிய டாஸ்க்’ என்பார்கள்; கட்டிய பணம் திரும்பாது. அப்படி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

குற்றாலம் போகும் வழியில் ஒரு சின்னக் கடையில் வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள், காரை எடுக்கும் முன் இரண்டு வரி எழுதுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எப்போது போனீர்கள், என்ன விலை என்று தமிழிலேயே எழுதலாம். குறை இருந்தால் அதையும் எழுதுங்கள். முதலில் கல்லாவில் இருப்பவரிடம் நேரில் சொல்லிவிட்டு.