கருவியின் கணக்கும் பட்டின் நிறமும்

1975-ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 நொடிகள் பிடித்தன. இன்றோ நம் சட்டைப்பையில் உள்ள கைப்பேசிகூட இமைப்பொழுதில் ஒளியை அளந்து, நிறத்தைச் சரிசெய்து படத்தை நீட்டிவிடுகிறது. ‘ஆட்டோ’ என்னும் தானியங்கி முறையின் அருமை அது. திருவிழாவிலும் திருமணத்திலும் அதை நம்பலாம். பட்டுச் சேலையை மட்டும் அதனிடம் ஒப்படைத்துவிடக் கூடாது என்பது என் கருத்து.

பெரணமல்லூர்ப் பக்கத்திலிருந்து கல்லூரிக்கு வரும் நண்பர்களுக்கு இது வீட்டுக் கதை. தறியிலிருந்து அறுத்த சேலையைப் படமெடுத்து வெளியூருக்கு அனுப்பும் காலம் இது. படத்தில் செங்கல் நிறத்தைக் கண்டு விரும்பியவர் கைக்கு அரக்குச் சேலை போய்ச் சேர்ந்தால், திருப்பி அனுப்பாமல் என்ன செய்வார்? நட்டம் நெய்தவருக்கன்றோ!

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்குப் பட்டும் தெரியாது, பருத்தியும் தெரியாது. எதிரில் இருப்பது எதுவாயினும் அது நடுத்தரச் சாம்பல் நிறப் பொருள் என்று கொண்டே பெரும்பாலும் கணக்கிடுகிறது. ஆகவே முகூர்த்தப் பட்டு வேட்டியை விரித்துப் படமெடுத்தால் ஒளி மிகுதி என்று குறைத்துவிடும். வேட்டி அழுக்கேறியதுபோல் விழும். அரக்கையும் கருநீலத்தையும் வெளுக்கச் செய்யும். மருந்து எளிது. கூட்டல் கழித்தல் குறியிட்ட அமைப்பு ஒன்று கருவியில் உண்டு. வெண்பட்டுக்குக் கூட்டல் 1, அரக்குக்குக் கழித்தல் 1 என வைத்துப் பாருங்கள். இருண்ட நிறத்துக்கு ஒளியைக் கூட்ட வேண்டும் என்றே பலரும் எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறு.

படம் முழுவதும் சிவப்பே நிறைந்திருந்தால், விளக்குத்தான் சிவப்போ என்று கருவி ஐயுற்று அந்நிறத்தைக் குறைக்கவும் கூடும். அதே வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, இதுதான் வெண்மை என்று காட்டிவிட்டால் ஐயம் தீரும்.

தறியையே படமெடுக்க விழைவோர் இன்னும் ஒருபடி போக வேண்டும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம், ஒளித்துளையின் அகலம், ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர் அளவு ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டி ஈடுசெய்ய வேண்டும். துளை எண் 4-இலிருந்து 8-க்குப் போனால் உள்ளே வரும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். எண் பெருகத் துளை சிறுக்கும் என்பது தொடக்கத்தில் எவரையும் குழப்பும். ‘எஸ்’ என்றோ ‘டிவி’ என்றோ குறித்த முறையில் ஷட்டர் நேரத்தை மட்டும் நாம் சொன்னால் போதும்; துளையைக் கருவி பார்த்துக்கொள்ளும். 1/500 நொடியில் ஓடும் நாடா அந்தரத்தில் நின்றுவிடும். கேமராவைத் தாங்கியில் நிறுத்தி 1/30 நொடியில் எடுத்தால் நாடா ஒரு கீற்றாக நீளும். அசையாதிருக்கும் நெசவாளர் முகம் தெளிவாக விழும். எனக்குப் பின்னதே பிடிக்கும். தறி ஓடுவது தெரிய வேண்டாமா?

குழல்விளக்கு எரியும் கூடத்தில் ஒரு சங்கடம் உண்டு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஆதலால் பழைய சோக் பொருத்திய குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மின்னுகிறது. 1/500 நொடியில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக இருள் விழக்கூடும். 1/50 அல்லது 1/100 நொடிக்கு இறங்கினால் அது மறையும். நாடாவையும் நிறுத்தியே தீரவேண்டும் என்பவர், விளக்கை அணைத்து, கதவைத் திறந்து பகல் வெளிச்சத்தை உள்ளே விட்டு, ஐ.எஸ்.ஓ.வை 1600 அளவுக்கு உயர்த்திக்கொள்ளலாம். அணைக்குமுன் நெய்பவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். குழித்தறியில் இழை பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்த விளக்கு நம்மைவிட அவசியம்.