கல்லீரல் போடும் கோட்டா

2023 மார்ச் மாதத்தில், உதகை காந்தல் பகுதியிலுள்ள நகராட்சிப் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்பு மாணவர் சிலர், யார் அதிகம் விழுங்குவது என்று தமக்குள் போட்டியிட்டு, பள்ளியில் வழங்குவதற்காக வைத்திருந்த இரும்புச்சத்து மாத்திரைகளை அளவுமீறி உட்கொண்டனர். அவர்களுள் கல்லீரல் பாதிப்புற்ற 13 வயதுச் சிறுமி கோவையிலிருந்து சென்னைக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் உயிரிழந்தார். அதையடுத்து ஒரு சாரார் அரசு தரும் மாத்திரையே நஞ்சு என்றனர். மற்றொரு சாரார், சத்து மாத்திரை எப்படி உயிரைப் பறிக்கும் என்று ஐயுற்றனர். இரு தரப்பாரும் கவனியாமல் விட்டது குடற்சுவரை.

வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு மாத்திரை என்னும் தேசியத் திட்டம் 2012-இல் வந்தபோது ஒவ்வொரு மாத்திரையிலும் 100 மில்லிகிராம் இரும்பு இருந்தது; 2018-இல் ‘இரத்தசோகை இல்லா இந்தியா’ திட்டம் அதனை 60 மில்லிகிராமாகக் குறைத்து, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்துடன், சர்க்கரைப் பூச்சுள்ள நீல மாத்திரையாக்கியது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 20 மில்லிகிராமுக்குக் குறைவாக இரும்பு உட்சென்றால் பெரும்பாலும் தீங்கில்லை என்றும், 60 மில்லிகிராமைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து என்றும் நச்சு மருத்துவம் கணக்கிடுகிறது. 30 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 60 மில்லிகிராம் மாத்திரைகள் பத்து, அதாவது ஓர் அட்டை, முதல் எல்லையைத் தொட்டுவிடும். மூன்று அட்டை இரண்டாவதைத் தொடும். இனிப்புப் பூச்சு, குழந்தைகள் முகம் சுளிக்காமல் விழுங்குவதற்காகப் போடப்பட்டது. விளையாட்டாக விழுங்குவதையும் அதுவே எளிதாக்குகிறது.

மிகையான உப்பையும் யூரியாவையும் சிறுநீரில் தள்ளிவிடும் மனித உடலுக்கு, இரும்பை அவ்வாறு வெளியேற்றும் வழி கிடையாது. உதிரும் செல்களோடும் சிறிதளவு குருதியோடும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் கழிவதோடு சரி. ஆகவே கட்டுப்பாடு முழுவதும் நுழைவாயிலில்தான் நிகழவேண்டும், அந்த ஏற்பாடு வியக்கத்தக்கது. உணவிலுள்ள இரும்பு முதலில் குடற்சுவரின் செல்லுக்குள் சென்று, ஃபெரிட்டின் என்னும் சேமிப்புப் புரதத்துக்குள் தங்குகிறது. அங்கிருந்து குருதிக்குச் செல்ல ஃபெர்ரோபோர்ட்டின் என்னும் ஒரே கதவுதான் உண்டு. உடலில் இரும்பு போதுமென்று உணரும் கல்லீரல், 25 அமினோ அமிலங்களாலான ஹெப்சிடின் என்னும் சிறு ஹார்மோனைச் சுரக்க, அது அந்தக் கதவைப் பற்றி, செல்லுக்குள் இழுத்துச் சிதைத்துவிடுகிறது.

நீலகிரியின் மஞ்சூர் வட்டாரச் சிறு தேயிலை விவசாயிகளுக்கு இத்தகைய கட்டுப்பாடு பழகிய காட்சி. பறித்த பசுந்தேயிலை சாக்குகளில் கொள்முதல் நிலையத்துக்கு வருகிறது. அங்கிருந்து தொழிற்சாலை வண்டி ஏற்றிச் செல்கிறது. வரத்து மிகும் மாதங்களில் தொழிற்சாலை, நாளைக்கு இவ்வளவு கிலோதான் என்று கோட்டா அறிவித்துவிடுகிறது. குடற்செல் அந்த நிலையம், குருதியில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் அந்த வண்டி, கல்லீரல் தொழிற்சாலை, ஹெப்சிடின் கோட்டா அறிவிப்பு. குடற்செல்லின் ஆயுள் சில நாட்களே என்பதால், ஏற்றப்படாத சரக்கு செல்லோடு சேர்ந்து உதிர்ந்து மலத்தில் போய்விடுகிறது. தேங்கிய இலைக்காக நிலையத்தையே இடித்துத் தள்ளிவிட்டு வேறொன்று கட்டும் இந்தச் செலவை எந்தக் கூட்டுறவுச் சங்கத்தின் தணிக்கையாளரும் ஒப்பமாட்டார். ஒரே ஒரு மாத்திரை போட்டாலே ஹெப்சிடின் உயர்ந்து ஏறத்தாழ ஒரு நாள் நீடிப்பதையும், மறுநாள் மாத்திரை குறைவாகவே உறிஞ்சப்படுவதையும் சூரிச் ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினர். நாள்தோறும் அள்ளிப் போட்டால் இரத்தம் விரைவாக ஊறும் என்னும் நம்பிக்கைக்கு அந்த ஆய்வில் ஆதரவில்லை.

ஆனால் கோட்டா என்பது வரிசையில் நிற்பவருக்குத்தான் பொருந்தும். முப்பது மாத்திரைகளின் இரும்பு ஒரே நேரத்தில் கரையும்போது குடலின் உட்சவ்வே அரிக்கப்பட்டுவிடுகிறது. கதவு அடைத்திருந்தும், சுவர் ஓட்டையானதால் இரும்பு நேராகக் குருதிக்குள் பாய்கிறது. டிரான்ஸ்ஃபெரின் வண்டிகள் நிறைந்த பின் மிஞ்சும் கட்டற்ற இரும்பு, செல்களிலுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து ஹைட்ராக்சில் எனப்படும் கொடிய துகளை உண்டாக்குகிறது. வேதியியலாளர் ஃபென்டன் 1894-இல் விவரித்த இந்த வினையில் செல்லின் சவ்வுகளும் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களும் சிதைகின்றன. குவித்து வைத்த பசுந்தேயிலை தானே சூடேறிச் சிவந்து கெடுவதை இதற்கு ஒப்பிடலாம், எனினும் கெட்ட இலையைக் கொட்டிவிட முடியும். குடலிலிருந்து வரும் குருதி முதலில் கல்லீரலுக்கே செல்வதால், முதன்மையான அடியும் அதற்கே விழுகிறது.

இதில் மிக ஆபத்தானது நலமாகத் தோன்றும் இடைவேளை. முதல் ஆறு மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து, பின்னர் சிறிது காலம் குழந்தை தேறிவிட்டதுபோல் தோன்றக்கூடும். அதன்பிறகே குருதி அமிலமாதலும் அதிர்ச்சி நிலையும், இரண்டு மூன்று நாட்களில் கல்லீரல் செயலிழப்பும் தலைகாட்டுகின்றன. மஞ்சூரிலிருந்து உதகைக்கு மலைச்சாலையில் போகவேண்டியிருப்பதால், வாந்தி நின்றுவிட்டது, காலையில் பார்க்கலாம் என்று வீட்டில் படுக்கவைப்பது மாற்றுமருந்துக்குரிய நேரத்தை இழப்பதாகும். விஷம் குடித்தவருக்குத் தரும் கரித்தூள் இரும்பைப் பற்றாது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து பெறப்பட்டு 1960-களில் புழக்கத்துக்கு வந்த டெஸ்ஃபெரியாக்சமைன் ஊசிதான் இரும்பைப் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றுகிறது.

வரலாறென்று சொல்லவேண்டுமானால், பிரெஞ்சு மருத்துவர் பிளோ 1832-இல் இரும்பு மாத்திரையைப் பரப்பினார். உடலுக்கு இரும்பை வெளியேற்றத் தெரியாது என்பதை ஆய்வாளர்களான மெக்கான்ஸ், விட்டோசன் இருவரும் 1937-இல் முன்வைத்தனர். ஹெப்சிடின் அடையாளம் காணப்பட்டது 2000-ஐ ஒட்டித்தான். இவற்றைவிடப் பயனுள்ள செய்தி, 30 மில்லிகிராமும் அதற்கு மேலும் இரும்புள்ள மாத்திரைகளைத் தனித்தனியாகப் பிரித்தெடுக்கவேண்டிய உறைகளில்தான் விற்கவேண்டும் என்று அமெரிக்கா 1997-இல் விதித்தது; சிறு குழந்தைகளின் இரும்பு நச்சு மரணங்கள் அதன்பின் குறைந்தன. ஆணையிட்ட துறைக்கு அதிகாரமில்லை என்று 2003-இல் நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது வேறு கதை.

 பள்ளிகளுக்கான வழிகாட்டுதல் எளிமையானது: பொறுப்பாசிரியர் மதிய உணவுக்குப் பின், கண்முன்னே, ஒரு மாத்திரையை விழுங்கவைக்கவேண்டும். கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதோ, அட்டைகளை மேசைமேல் விட்டுவைப்பதோ அதில் இல்லை. திட்ட அறிக்கைகள் விநியோகித்த மாத்திரைகளின் எண்ணிக்கையைப் பெருமையோடு கூறுகின்றன. பூட்டிய அலமாரியில் எஞ்சியவை எத்தனை என்னும் இரண்டாவது கணக்கை ஒவ்வொரு வாரமும் விநியோகப் பதிவேட்டில் எழுதினால், காணாமற்போன அட்டை அந்த வாரத்திலேயே தெரிந்துவிடும். இன்னொன்றும் உண்டு: தேநீரிலுள்ள பாலிஃபீனால்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு உறிஞ்சவிடாமல் தடுப்பதால், மாத்திரை விழுங்கிய கையோடு தேநீர் குடிப்பது நீலகிரியில் குறிப்பாகத் தவிர்க்கவேண்டிய பழக்கம்.